மேகத்தின் உட்கரு

வளிமண்டலத்தில் நீராவி எவ்வளவு சேர்ந்தாலும் அது தானாகத் துளியாகிவிடாது. படிவதற்கு ஒரு பரப்பு வேண்டும். விடியற்காலையில் புல்நுனி அந்தப் பரப்பைத் தருகிறது. குளிர்ந்த நீர் நிரப்பிய செம்பின் வெளிப்புறமும் தருகிறது. தரைக்கு மேலே ஓரிரு கிலோமீட்டர் உயரத்தில் புல்லும் இல்லை, செம்பும் இல்லை. அங்கே நீராவி படிவது காற்றில் மிதக்கும் நுண்துகள்களின் மேல்தான். அவற்றிலும் நீரைத் தன்பால் இழுத்து, அந்த நீரிலேயே கரையும் இயல்புள்ளவை முந்திக்கொள்கின்றன. இவற்றை ஈரம் உறிஞ்சும் துகள்கள் என்கிறோம். இவற்றுள் மேகத்துளியாக வளரும் தகுதி பெற்றவை மேக உட்கருக்கள்.

இவற்றின் அளவை மனத்தில் வாங்கிக்கொள்ள ஓர் ஒப்பீடு உதவும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். மேக உட்கருக்களில் பெரும்பாலானவை 0.05 முதல் 1 மைக்ரோமீட்டர் குறுக்களவு கொண்டவை. அவற்றைச் சுற்றி உருவாகும் மேகத்துளி ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர். தரையில் விழும் மழைத்துளி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். அதாவது, பத்து லட்சம் மேகத்துளிகள் ஒன்றுசேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி.

மாசு இல்லாத நடுக்கடலின் மேல் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் இத்தகைய உட்கருக்கள் நூறு அளவில் இருக்கும். நிலப்பரப்பின் மேல் சில நூறுகள் முதல் ஆயிரம் வரை. மாசு மிகுந்த நகரங்களில் பல ஆயிரம். எண்ணிக்கையோடு, அவை எதனால் ஆனவை என்பதும் மேகத்தின் தன்மையையும் மூடுபனியின் அடர்த்தியையும் தீர்மானிக்கிறது.

தூசியின்றித் துளியில்லை

1875-இல் பிரான்ஸ் நாட்டின் பால் ழான் குலியே ஒரு கண்ணாடிக் குடுவையில் ஈரக்காற்றை அடைத்து, அதன் அழுத்தத்தைத் திடீரெனக் குறைத்துப் பார்த்தார். காற்று விரிந்து குளிர்ந்ததும் குடுவைக்குள் மூடுபனி எழுந்தது. அதே காற்றைப் பஞ்சு வழியே வடிகட்டிச் செலுத்தியபோது பனி எழவில்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் எய்ட்கன் 1880-இல் தனியாக இதே முடிவுக்கு வந்தார். வடிகட்டாத காற்றுள்ள கலத்தில் நீராவியைச் செலுத்தினால் அது வெண்ணிறமாக மூடிக்கொண்டது. வடிகட்டிய காற்றுள்ள கலம் தெளிவாகவே இருந்தது. கந்தகத்தை எரித்தால் எழும் புகை அடர்ந்த மூடுபனியை உண்டாக்குவதையும் எய்ட்கன் கவனித்தார். காற்றிலுள்ள துகள்களை எண்ணும் கருவியையும் அவர் உருவாக்கினார். 0.1 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் இன்றும் அவர் பெயராலேயே எய்ட்கன் உட்கருக்கள் எனப்படுகின்றன.

துகளே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அடுத்து ஆராய்ந்தவர் சி. டி. ஆர். வில்சன். தூய்மையான காற்றில் துளி உருவாக, நீராவி தெவிட்டிய நிலையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு சேர வேண்டும் என்று அவருடைய சோதனைகள் காட்டின. அப்போதும் காற்றிலுள்ள அயனிகள்தான் துளிகளுக்கு இடம் கொடுத்தன. இயற்கையில் அப்படி ஒரு நிலை வருவதேயில்லை. மேகத்துக்குள் ஒப்பு ஈரப்பதம் 100 சதவீதத்தைத் தாண்டுவது பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான். இந்த ஆய்வுக்காக வில்சன் அமைத்த மேகக்கலம் பின்னர் அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் கருவியாகி, 1927-இல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்தது.

உப்பு ஜாடியில் நடப்பது

மழைக்காலத்தில் ஜாடியில் உள்ள கல் உப்பு கசிந்து நீர்விடுவதை எந்தச் சமையலறையிலும் பார்க்கலாம். காற்றில் மிதக்கும் உப்புத் துகளுக்கும் அதுவே நடக்கிறது. ஒவ்வொரு உப்புக்கும் ஓர் எல்லை உண்டு. ஒப்பு ஈரப்பதம் அந்த எல்லையைத் தொடும்வரை அது உலர்ந்த படிகமாக இருக்கும்; தொட்டதும் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து திரவத் துளியாகிவிடும். இதையே பாடநூல்கள் ஈரம் உறிஞ்சிக் கரைதல் என்கின்றன.

25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் தூய சோடியம் குளோரைடுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 75 சதவீதம். அம்மோனியம் சல்பேட்டுக்கு 80, அம்மோனியம் நைட்ரேட்டுக்கு 62. மெக்னீசியம் குளோரைடுக்கு வெறும் 33. கல் உப்பில் சிறிதளவு மெக்னீசியம் குளோரைடு ஒட்டிக்கொண்டிருப்பதால்தான், காற்று அவ்வளவு ஈரமாக இல்லாதபோதே அது பிசுபிசுக்கத் தொடங்குகிறது. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் உப்பு படிந்தபின் எஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுவதற்கும் இதுவே காரணம். மெக்னீசியம் உப்புகள் அந்த நீரில்தான் தங்குகின்றன. சல்பியூரிக் அமிலத்துக்கு இத்தகைய எல்லையே கிடையாது. காற்று எவ்வளவு வறண்டிருந்தாலும் அது தன்னால் இயன்ற ஈரத்தை இழுத்துக்கொண்டு திரவமாகவே இருக்கும்.

கரைந்த துகள் உடனே மீண்டும் உலர்ந்துவிடுவதும் இல்லை. சோடியம் குளோரைடு கரைவது 75 சதவீதத்தில் என்றாலும், மீண்டும் படிகமாவதற்கு ஈரப்பதம் ஏறத்தாழ 45 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். இடைப்பட்ட ஈரப்பதத்தில் ஒரு துகள் உலர்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா என்பது, அது எந்த வழியாக அங்கே வந்தது என்பதைப் பொறுத்தது. ஈரப்பதம் மேலும் ஏற ஏறத் துகள் பருக்கிறது. 90 சதவீத ஈரப்பதத்தில் ஓர் உப்புத் துகளின் குறுக்களவு உலர்ந்த நிலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாகும். கன அளவு பத்து மடங்கைத் தாண்டிவிடும். மழைக்கு முந்தைய புழுக்கமான நாள்களில் தொலைவிலுள்ள குன்றும் கோபுரமும் மங்கித் தெரிவதில் இந்தப் பருமனுக்கும் பங்குண்டு. பருத்த துகள் கூடுதல் ஒளியைச் சிதறடிக்கிறது.

துளியாகும் தகுதி

ஈரம் உறிஞ்சிய துகள் எப்போது முழு மேகத்துளியாகிறது என்பதற்கான கணக்கை முழுமையாக வகுத்தவர் சுவீடன் நாட்டின் ஹில்டிங் கோலர். அவருடைய புகழ்பெற்ற ஆய்வுரை 1936-இல் வெளிவந்தது. இரண்டு எதிர்விசைகளின் போட்டியாக அவர் இதை விளக்கினார். துளி சிறியதாக இருந்தால் அதன் பரப்பு மிகவும் வளைந்திருக்கும். வளைந்த பரப்பிலிருந்து நீர் மூலக்கூறுகள் எளிதில் தப்பிவிடும். ஆகவே சின்னஞ்சிறு துளி ஆவியாகவே முற்படும். மறுபுறம், நீரில் உப்பு கரைந்திருந்தால் அந்த உப்பு நீர் மூலக்கூறுகளைப் பிடித்துவைக்கும், ஆவியாதல் குறையும். வளைவு துளியை அழிக்கப் பார்க்கிறது; கரைந்த பொருள் அதைக் காக்கிறது. ஓர் அளவைத் தாண்டிவிட்டால் துளி தடையின்றி வளரும்.

இந்தப் போட்டியில் துகளின் பருமனும் வேதியியலும் சேர்ந்து முடிவைச் சொல்கின்றன. 0.1 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள நான்கு துகள்களை எடுத்துக்கொள்வோம். கடல் உப்பாக இருந்தால், ஈரப்பதம் 100 சதவீதத்தை 0.1 சதவீதம் தாண்டினாலே அது மேகத்துளியாகிவிடும். அம்மோனியம் சல்பேட்டுக்கு ஏறத்தாழ 0.15 சதவீதம் வேண்டும். ஈரத்தை ஓரளவே உறிஞ்சும் கரிமப் பொருளுக்கு 0.4 சதவீதத்தை நெருங்க வேண்டும். நீரில் நனையும், ஆனால் கரையாத துகளுக்கோ 2 சதவீதம் தேவை. சாதாரண மேகம் அந்த அளவை எட்டுவதில்லை. எனவே அதே பருமனுள்ள கரையாத துகள், மேகத்தின் நடுவே இருந்தும் வெறும் தூசியாகவே நின்றுவிடுகிறது.

இந்தத் தகுதியை ஒரே எண்ணால் குறிக்கும் முறையை மார்க்கஸ் பெட்டர்ஸ், சோனியா கிரைடன்வைஸ் இருவரும் 2007-இல் முன்வைத்தனர். கப்பா என்ற கிரேக்க எழுத்தால் அது குறிக்கப்படுகிறது. சோடியம் குளோரைடுக்கு ஒன்றுக்குச் சற்று மேல், அம்மோனியம் சல்பேட்டுக்கு 0.6, பெரும்பாலான கரிமப் பொருள்களுக்கு 0.1 அளவில், புதிய புகைக்கரிக்குப் பூச்சியத்தை ஒட்டி அந்த எண் அமைகிறது. இன்று உலகெங்கும் மேக ஆய்வாளர்கள் பேசும் பொதுமொழி இது.

கடல் தரும் உப்பு

அலை உடையும்போது கடல்நீருக்குள் காற்று சிக்கி, குமிழிகளாக மேலெழுந்து வெடிக்கிறது. குமிழியின் மெல்லிய மேற்படலம் கிழிந்து நுண்ணிய திவலைகளாகச் சிதறும். குமிழி இருந்த குழியிலிருந்து ஒரு நீர்த்தாரை எழுந்து, சற்றுப் பெரிய துளிகளை மேலே எறியும். இந்தத் திவலைகள் காற்றில் உலர்ந்தால் எஞ்சுவது உப்புத் துகள். காற்று வலுக்க வலுக்க இதன் அளவு விரைவாகக் கூடும்.

கடல் உப்பின் எடையில் குளோரைடு 55 சதவீதம், சோடியம் 31 சதவீதம், சல்பேட் 8 சதவீதம், மெக்னீசியம் 4 சதவீதம் இருக்கும். கால்சியமும் பொட்டாசியமும் தலா ஒரு சதவீத அளவில். கடலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் விட்டுச்செல்லும் கரிமப் பொருள்களும் திவலையோடு சேர்ந்து மேலே போகின்றன. எடைக் கணக்கில் கடல் உப்பின் பெரும்பகுதி ஒரு மைக்ரோமீட்டருக்கும் பெரிய துகள்களில் இருக்கிறது. இவை எண்ணிக்கையில் குறைவு. ஆனால் விரைவில் பெரிய துளிகளாகி, மற்ற துளிகளோடு மோதிச் சேர்ந்து மழையைத் தொடங்கிவைக்கும் ஆற்றல் கொண்டவை.

கந்தகம் எனும் பெருங்கொடையாளி

எண்ணிக்கையில் பார்த்தால், உலகின் மேக உட்கருக்களில் சல்பேட் துகள்களுக்கு முதன்மையான இடம் உண்டு. இதற்கு மூலம் கந்தக டை ஆக்சைடு வாயு. நிலக்கரியும் கச்சா எண்ணெய்ப் பொருள்களும் எரியும்போதும், உலோகத் தாதுக்களை உருக்கும்போதும், எரிமலை கக்கும்போதும் அது வெளிப்படுகிறது. பகல் ஒளியில் காற்றிலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து அது சல்பியூரிக் அமிலமாகிறது. அந்த அமில மூலக்கூறுகள் ஒன்றுகூடிப் புதிய நுண்துகள்களைப் பிறப்பிப்பதும் உண்டு. ஏற்கெனவே இருக்கும் துகள்மேல் படிவதும் உண்டு. கால்நடைக் கழிவிலிருந்தும் யூரியா உரத்திலிருந்தும் எழும் அம்மோனியா அந்த அமிலத்தோடு சேரும்போது அம்மோனியம் சல்பேட் உருவாகிறது.

இதில் மேகத்துக்கும் பங்குண்டு. கந்தக டை ஆக்சைடு மேகத்துளியில் கரைந்து, அங்கேயுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து சல்பேட்டாகிறது. பெரும்பாலான மேகங்கள் மழையாகாமலே கலைந்துவிடுபவை. அப்படிக் கலையும்போது துளியிலிருந்த நீர் போய்விடும். சல்பேட் துகளிலேயே தங்கிவிடும். மேகத்துக்குள் போனபோது இருந்ததைவிடப் பெரிய, கூடுதலாக ஈரம் உறிஞ்சும் துகள் வெளியே வருகிறது. அடுத்த மேகத்துக்கு அது இன்னும் நல்ல உட்கரு.

ஆலைப்புகை எட்டாத நடுக்கடலில் சல்பேட்டைத் தருவது உயிர்கள். கடலில் மிதந்து வாழும் நுண்தாவரங்களிலிருந்து டைமீதைல் சல்பைடு என்ற வாயு வெளியேறுகிறது. கடற்கரையின் தனி மணத்தில் அதற்கும் பங்கு உண்டு. காற்றில் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து சல்பேட்டாக மாறுகிறது. ராபர்ட் சார்ல்சன், ஜேம்ஸ் லவ்லாக், மைன்ராட் ஆண்ட்ரியே, ஸ்டீபன் வாரன் ஆகிய நால்வரும் 1987-இல் இதைவைத்து ஒரு கருதுகோளை முன்வைத்தனர்: கடல் சூடானால் நுண்தாவரங்கள் பெருகும், வாயு கூடும், மேகம் வெளுக்கும், கடல் மீண்டும் குளிரும். நால்வரின் குடும்பப் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதைக் கிளா கருதுகோள் என்பர். இயற்கை இவ்வளவு நேர்க்கோட்டில் இயங்குவதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டினாலும், கடல் உயிர்களையும் மேகத்தையும் ஒரே சங்கிலியில் வைத்துப் பார்க்கும் பார்வையை அது தந்தது.

நைட்ரேட்டும் குளோரைடும்

வாகனப் புகையிலும் அனல்மின் நிலையப் புகையிலும் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரிக் அமிலமாகி, அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் நைட்ரேட்டாகின்றன. இந்த உப்பு நிலையற்றது. வெயில் ஏறினால் மீண்டும் வாயுக்களாகப் பிரிந்துவிடும். குளிரிலும் ஈரத்திலும் துகளாக நிற்கும். அதனால் குளிர்கால இரவுகளில் நகரத்துக் காற்றில் நைட்ரேட் உயர்கிறது.

அம்மோனியா மிகுந்த கங்கைச் சமவெளியில் இன்னொரு பொருளும் சேர்கிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சச்சின் குந்தே தலைமையிலான குழு தில்லியிலும் சென்னையிலும் காற்றுத்துகள்களின் வேதிக் கலவையை அளந்து, 2021-இல் முடிவுகளை வெளியிட்டது. தில்லியில் குளோரைடு தொடர்ந்து மிகுதியாக இருந்தது. சென்னையில் அவ்வப்போது உயர்ந்தது. பிளாஸ்டிக் கலந்த குப்பையை எரிப்பதாலும் ஆலைகளாலும் வெளிப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலம், தில்லிக் காற்றில் மிகுந்திருக்கும் அம்மோனியாவின் துணையோடு துகள்களின் ஈரத்தில் கரைந்துவிடுகிறது. கரைந்த குளோரைடு மேலும் நீரை இழுக்கிறது. இழுத்த நீரில் மேலும் அமிலம் கரைகிறது. இப்படியே துகள் பருத்துப் புகைமூட்டமாகவும் மூடுபனியாகவும் கவிகிறது. தில்லியில் பார்வைத் தொலைவு குறைவதில் ஏறத்தாழ பாதிக்கு இந்தக் குளோரைடே காரணம் என்று அக்குழு கணித்தது. தெருமுனையில் எரியும் குப்பைக்கும் விமான நிலையத்தை முடக்கும் மூடுபனிக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு நேரடியானது.

காடும் அடுப்பும் தரும் கரிமப் பொருள்கள்

நிலப்பரப்பின் மேலுள்ள நுண்துகள்களில் கரிமப் பொருள்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பல இடங்களில் பாதிக்கும் மேல். மரங்கள் ஐசோப்ரீன், டெர்பீன் போன்ற ஆவிகளை வெளிவிடுகின்றன. காற்றில் அவை ஆக்சிஜனோடு சேர்ந்து, எளிதில் ஆவியாகாத பொருள்களாகித் துகள்களின்மேல் படிகின்றன. மலைக்காடுகளின்மேல் தெரியும் நீல நிற மங்கலுக்கு இத்தகைய ஆவிகளே காரணம் என்று 1960-இல் ஃப்ரிட்ஸ் வென்ட் விளக்கினார். மனிதத் தலையீடு குறைந்த மழைக்காலத்து அமேசான் காட்டில் துகள்களின் பெரும்பகுதி கரிமப் பொருள்தான். அங்கே தாவரங்களும் பூஞ்சைகளும் வெளியிடும் பொட்டாசியம் உப்புத் துகள்கள் தொடக்க விதையாக இருக்க, அவற்றின்மேல் கரிமப் பொருள்கள் படிந்து மேக உட்கருக்கள் உருவாகின்றன. காடு தன் மழைக்கான உட்கருவைத் தானே விளைவித்துக்கொள்கிறது.

விறகடுப்பும் வயலில் எரியும் தாளும் காட்டுத்தீயும் வேறொரு கலவையைத் தருகின்றன. அந்தப் புகையில் புகைக்கரியும் கரிமப் பொருள்களும் பொட்டாசியம் குளோரைடும் சேர்ந்திருக்கும். கரிமப் பொருள்கள் பலவகை. எண்ணெய்ப்பசை உள்ளவை நீரை ஒதுக்கும். சர்க்கரைகளும் கரிம அமிலங்களும் நீரை ஏற்கும். காற்றில் மிதக்கும் நாள் கூடக்கூட ஆக்சிஜன் சேர்ந்து, முதலில் நீரை ஒதுக்கிய பொருளும் படிப்படியாக ஈரம் உறிஞ்சுவதாக மாறுகிறது.

ஒன்றோடொன்று கலந்த துகள்கள்

இதுவரை தனித்தனியாகச் சொன்ன பொருள்கள் காற்றில் தனித்தனியாக இருப்பது அரிது. ஒரே துகளுக்குள் சல்பேட், நைட்ரேட், கரிமப் பொருள், கரி எல்லாம் கூடிக்கிடக்கும். புதிதாக எழுந்த புகைக்கரி நீரில் ஒட்டாது. சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள் சல்பேட்டும் கரிமப் பொருளும் அதன்மேல் மேலுறையாகப் படிந்தபின் அதுவும் மேகத்துளியின் உட்கருவாகும். பாலைவனத்துப் புழுதியும் அப்படியே. அதிலுள்ள சுண்ணாம்புப் பொருளான கால்சியம் கார்பனேட் நீரில் கரையாது. நைட்ரிக் அமிலம் பட்டதும் அது கால்சியம் நைட்ரேட்டாகி, குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை உறிஞ்சத் தொடங்குகிறது. கடல் உப்பிலும் மாற்றம் நிகழ்கிறது. நகரக் காற்றின் அமிலங்கள் அதன் குளோரைடை வாயுவாக வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் நைட்ரேட்டையோ சல்பேட்டையோ வைக்கின்றன.

இந்தக் கலவை எவ்வளவு தொலைவு பயணிக்கிறது என்பதை 1999-இல் நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வுத் திட்டம் காட்டியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் இராமநாதனும், நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் இதன் தலைமை அறிவியலாளர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை, நிலத்திலிருந்து கடல் நோக்கிக் காற்று வீசும் காலத்தில், கப்பல்களும் விமானங்களும் மாலத்தீவின் காசிதூ தீவில் அமைந்த நிலையமும் அளவெடுத்தன. தெளிந்த கடற்காற்று இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புநிறப் படலம் பரவியிருந்தது. நுண்துகள்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சல்பேட், கால் பங்கு கரிமப் பொருள், 14 சதவீதம் புகைக்கரி. கடலின் நடுவே இருந்தும் நுண்துகள்களில் கடல் உப்பு மிகச் சிறிய பங்கே. பெரும்பகுதி மனிதச் செயல்களால் வந்தது.

கலவை மாறினால் மேகம் மாறும்

ஒரு மேகத்துக்குக் கிடைக்கும் நீர் குறிப்பிட்ட அளவே. உட்கருக்கள் குறைவாக இருந்தால் அந்த நீர் சில பெரிய துளிகளாகும். மிகுந்தால் பல சிறிய துளிகளாகப் பிரியும். சிறு துளிகள் நிறைந்த மேகம் சூரிய ஒளியைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும் என்பதை ஷான் டூமி 1970களில் விளக்கினார். அதற்குக் கண்கூடான சான்று கப்பல் தடங்கள். புகைபோக்கியிலிருந்து வரும் கந்தகத் துகள்கள் கடல்மேலுள்ள தாழ்ந்த மேகத்தில் கலந்து, கப்பல் சென்ற வழியெங்கும் வெண்கோடு இழுத்ததுபோல் செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தன. 2020 ஜனவரி முதல், கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்ச அளவு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டபின் இந்தத் தடங்கள் வெகுவாகக் குறைந்தன.

துளிகள் சிறியவையாகவே நின்றுவிட்டால் அவை மோதிச் சேர்வதும் குறையும். அதனால் மேலோட்டமான மேகங்களில் மழை தாமதமாகலாம். வெளுத்த மேகங்கள் பூமியைக் குளிர்விக்கவும் செய்கின்றன. துகள்கள் மேகங்களின் வழியே உண்டாக்கும் இந்தக் குளிர்ச்சி ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 வாட் என்று பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் 2021 அறிக்கை மதிப்பிடுகிறது. கரியமில வாயுவால் வரும் வெப்பமேற்றம் 2 வாட்டுக்குச் சற்று மேல். கரியமில வாயு நூற்றாண்டுகள் தங்கும். இந்தத் துகள்களோ ஒரு வாரம் அல்லது பத்து நாளில் மழையோடு இறங்கிவிடும். ஆகவே துகள் மாசைக் காலநிலைக்கு மருந்தாக எண்ண இடமில்லை.

மனித உடலுக்கு அது மருந்துக்கு நேர்மாறானது. மூச்சுக்குழாயின் உட்புறம் ஏறத்தாழ முழு ஈரப்பதத்தில் இருப்பதால், உள்ளே போன துகள் அங்கேயும் நீரை உறிஞ்சிப் பருக்கிறது. நுரையீரலின் எந்தப் பகுதியில் அது படியும் என்பதை அந்தப் பருமன் மாற்றிவிடுகிறது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைப்பனியில் நிலக்கரிக் கரியும் சல்பியூரிக் அமிலம் கரைந்த துளிகளும் நிறைந்திருந்தன. அதில் 4,000 பேர் இறந்ததாக அக்கால மதிப்பீடு கூறியது. பிற்கால ஆய்வுகள் அதை ஏறத்தாழ மூன்று மடங்காக உயர்த்தின. 1956-இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் இயற்றியது இதன் விளைவாகத்தான்.

உட்கருவை மனிதர் தூவுதல்

இந்த அறிவை மழைக்காகப் பயன்படுத்தும் முயற்சிகளும் நடக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் ஒரு காகித ஆலையின் புகை கலந்த மேகங்களில் துளிகள் பெரிதாக வளர்வதைக் கிரேம் மேத்தர் கவனித்தார். அதன் அடிப்படையில், எரிந்தால் பொட்டாசியம் குளோரைடுத் துகள்களைத் தரும் மத்தாப்புக் குழல்களை விமானத்தின் இறக்கையில் பொருத்தி, மேகத்தின் அடித்தளத்தில் கொளுத்தும் முறை 1990களில் உருவானது. சற்றுப் பெரிய, நன்றாக ஈரம் உறிஞ்சும் துகள்களைக் கொடுத்து, சில துளிகளையாவது விரைவாகப் பருக்கச் செய்வதே நோக்கம்.

இந்தியாவில் புனேயின் வெப்பமண்டல வானிலையியல் கழகம் மேகங்களை அளக்கும் விமான ஆய்வை 2009-இல் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக 2018, 2019 பருவமழைக் காலங்களில் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர்ப் பகுதியில் 276 மேகங்கள் ஆராயப்பட்டன. அவற்றுள் ஒரு பகுதியில் கால்சியம் குளோரைடுத் துகள்கள் தூவப்பட்டன. மழை மறைவுப் பகுதியான அங்கே மழை சராசரியாக ஏறத்தாழ 18 சதவீதம் கூடியதாக முடிவுகள் கூறின. தமிழ்நாட்டிலும் 1980களிலும் 1990களிலும் வறட்சியின்போது செயற்கை மழை முயற்சிகள் நடந்தன. ஆனால் நீராவியும் மேலெழும் காற்றும் உள்ள மேகம் முதலில் இருக்க வேண்டும். உட்கரு மேகத்துக்கு உதவும். இல்லாத மேகத்தை அது உண்டாக்காது.

உப்பு, சல்பேட், நைட்ரேட், குளோரைடு, கரிமப் பொருள் ஆகிய ஐந்தும், கரியும் புழுதியும் அவற்றோடு கலந்த விதமும்தான் வானத்தின் ஈரம் உறிஞ்சும் துகள்களின் இயைபு. கடலும் காடும் எரிமலையும் தரும் பங்கில் மனிதருக்குக் கை இல்லை. அடுப்பும் ஆலையும் வாகனமும் வயல்தீயும் குப்பைத்தீயும் தரும் பங்கு முழுவதும் மனிதர் கையில் இருக்கிறது. அந்தப் பங்கைக் குறைத்தால் பலன் கிடைக்க நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. காற்றிலிருந்து இந்தத் துகள்கள் இறங்க ஓரிரு வாரம் போதும். ஒரு தெருவில் பிளாஸ்டிக் குப்பையை எரிக்காமல் விட்டாலே, அந்தத் தெருவின் காற்றில் அத்தனை குளோரைடு குறைகிறது.